பெயருக்குக் கீழே ஒரு கோடு

இருபத்தாறு வருட சர்வீசில் நான் செய்த மிகப் பெரிய தவறின் நீளம் பதினேழு மில்லிமீட்டர். அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தன் முட்டாள்தனத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து சொல்லக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

என் பெயர் பூபதி. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லேஅவுட் வேலை. மின்சுற்றுப் பலகையில் எந்தச் செம்புக் கோடு எங்கே போகவேண்டும் என்று கணினியில் வரைந்து, துளைகளையும் ஓரங்களையும் சரிபார்த்து, தொழிற்சாலைக்கு ஃபைல் அனுப்பவேண்டும். என் மனைவியிடம் கேட்டால், "பச்சைக் கலர்ல ஏதோ கோடு போடுவாரு, சம்பளம் வரும்" என்பாள். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எங்கள் கம்பெனியின் ஒரே பிரபலமான சரக்கு 'துணை'. காலண்டர் அட்டை அளவில் ஒரு வெள்ளைப் பலகை. தனியாக இருக்கும் பெரியவர்களின் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும். கேமரா கிடையாது, உடம்பில் ஒயர் கிடையாது. ரேடியோ அலையை அறைக்குள் அனுப்பும். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து இதயத்துடிப்பையும் மூச்சையும் எண்ணும். துடிப்பு தடுமாறினால் ஆம்புலன்சுக்கும் பிள்ளைகளுக்கும் தகவல் போகும். நாலாயிரம் வீடுகளில் மாட்டியிருந்தோம். பதினோரு உயிர்களைக் காப்பாற்றியிருந்தது. அந்தப் பதினோரு பேரையும் நானே ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடியதுபோல ஒரு வருடம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின், எங்கள் பாஷையில் போர்டின், சூட்சுமம் எளிது. மேலே மெல்லிய செம்புக் கோடுகள். அடியில், பலகை முழுக்கப் பரவிய செம்பு. அதற்குப் பெயர் கிரவுண்ட். அலை இந்த இரண்டுக்கும் நடுவே ஒழுங்காகப் போய், முன்பக்கமாக அறைக்குள் மட்டும் பாயும். கோட்டுக்கு நேர் அடியில் கிரவுண்டில் வெட்டு விழக்கூடாது. இது பாலபாடம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்பவன் நான்தான். இரண்டாம் நாளும் சொல்வேன். மூன்றாம் நாள் அவர்களாகவே வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள்.

லேஅவுட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சினிமாவில் பெயர் போடுவார்கள், எங்களுக்கு யார் போடுவார்கள்? அதனால் போர்டின் ஏதாவது மூலையில் எங்கள் அடையாளத்தை நாங்களே வைத்துக்கொள்வோம். ஒருவர் சிட்டுக்குருவி வரைவார், ஒருவர் மகளின் முதலெழுத்தைப் போடுவார். எல்லோரும் வெள்ளை மசியில் போடுவார்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. எனக்கு மசி போதாது. மசி அழிந்துவிடும். நான் செம்பையே வெட்டி எழுதுவேன்: பத்தாம் வகுப்பிலிருந்து போட்டுவரும் அதே கையெழுத்து, அதற்குக் கீழே கம்பீரமாக ஒரு கோடு.

ஒரு திங்கட்கிழமை காலை ஹரிணி மேடம் என் மேஜைக்கு வந்தார். கம்பெனியின் தலைவர், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர், என்னைவிட நிறையப் படித்தவர்.

"பூபதி சார், வடவள்ளியில ஒரு கம்ப்ளெய்ன்ட். தனியா இருக்கிற அம்மா. தினசரி ரிப்போர்ட்ல ஆள் எண்ணிக்கை ரெண்டுன்னு வருதாம். மூணு மாசமா, தெனமும்."

ஆள் எண்ணிக்கை என்பது விற்பனைப் பிரிவின் யோசனை. அறையில் அன்றைக்கு அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரே ஒரு எண், மாலையில் பிள்ளைகளின் ஃபோனுக்குப் போகும். திருடன் வந்தால் தெரியுமாம். இதுவரை எந்தத் திருடனும் மாட்டவில்லை.

"யாராவது வந்து போவாங்க மேடம்" என்றேன்.

"அவங்க பையனும் அப்படித்தான் நினைக்கிறாரு. புனேல இருக்காரு. மெயிலைப் படிக்கிறேன், கேளுங்க. 'உங்கள் கருவி பழுதா, என் அம்மா பொய் சொல்கிறாரா? இரண்டில் ஒன்றை எழுத்தில் தாருங்கள்.' ஞாயித்துக்கிழமை வந்து ஃப்ளாட்டைப் பூட்டிட்டு அவங்கள புனேல ஒரு முதியோர் ஹோம்ல சேர்க்கப் போறாராம். அட்வான்ஸ் கூடக் கட்டிட்டாராம்."

"என் போர்டுல தப்பு இருக்காதுங்க மேடம்."

"போய்ப் பார்த்துட்டு வந்து இதையே சொல்லுங்க."

பழக்க தோஷத்தில் பையில் ஒரு சுருள் செம்பு டேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அம்மாள் பெயர் மரகதம். அறுபத்து நாலு வயது. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. மெசினைப் பாக்க வந்தீங்களா, என்னையப் பாக்க வந்தீங்களா?"

"மெசினைத்தானுங்கம்மா."

"அப்ப உள்ள வாங்க."

படுக்கையறை சுத்தமாக இருந்தது. ஒரு கட்டில், அதற்கு மேலே சுவரில் 'துணை', ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு பிரம்பு நாற்காலிகள். எல்லாம் என் கண்ணில் பட்டன; மண்டையில் எதுவும் ஏறவில்லை. நான் போர்டைப் பார்க்க வந்தவன்.

"'ராத்திரியில யாரும்மா தங்குறது'ன்னு கேக்குறான். பெத்தவகிட்டக் கேக்குற கேள்விங்களா இது?" என்றார் மரகதம். "ராத்திரியில இங்க ஒருத்தரும் கிடையாதுன்னு நூறு வாட்டி சொல்லிட்டேன். மெசினு பொய் சொல்லாதாமா. பாஷை தெரியாத ஊர்ல கொண்டுபோய் அடைச்சுட்டான்னா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

குரல் உடையவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த மகன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்போதும் என் போர்டு மேல் வரவில்லை.

"ஒரு டெஸ்ட் பண்ணலாங்கம்மா. ரெண்டு பேரும் ஹாலுக்குப் போயிடலாம். ரூம் காலி. எண்ணிக்கை பூஜ்யம்னு வரணும்."

ஹாலில் நின்று, அந்தந்த நொடியின் கணக்கைக் காட்டும் எங்கள் சோதனை ஆப்பை ஃபோனில் திறந்து பார்த்தேன். ஒன்று என்று காட்டியது.

திரும்ப அறைக்குள் போனேன். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு சூட்கேசும் ஒற்றைச் செருப்பும் இருந்தன.

"இருதயம் ஏதாச்சும் கிடந்துச்சுங்களா தம்பி?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, துடிப்பின் வேகத்தைப் பார்த்தேன். அறுபது. மறுபடியும் அறுபது. மனிதர்களின் துடிப்பு ஏறும், இறங்கும், ஒரே எண்ணில் நிற்காது. இது கடிகாரம் மாதிரி அறுபதிலேயே நின்றது.

"பக்கத்து வீட்டுல யாருங்கம்மா இருக்காங்க?"

"தேவசகாயம் சாருங்க. ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு கட்டில் இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அவருக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்குதுங்க" என்றார்.

"அவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்ல முடியுங்களா?"

மரகதம் சுவரை இரண்டு முறை தட்டினார். மறுபக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு. "சார், செத்த பால்கனிக்குப் போங்க" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். என் ஃபோனில் ஒன்று, பூஜ்யமானது.

'துணை'யைச் சுவரிலிருந்து கழற்றி, மூடியைத் திறந்து, போர்டைத் திருப்பினேன். அடிப்பக்கச் செம்பில் கம்பீரமாக என் கையெழுத்து. அதற்குக் கீழே கோடு. போர்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, முன்பக்கம் ஆன்டெனாவுக்குப் போகும் செம்புக் கோடு என் கோட்டைக் குறுக்காகத் தாண்டிப் போவது தெரிந்தது.

"மூஞ்சி ஏனுங்க தம்பி வெளுத்துப் போச்சு?"

"இது என் கையெழுத்துங்கம்மா."

"நல்லாத்தான இருக்குது."

"அதாங்க பிரச்சினை."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். விளக்கினேன் என்பது மரியாதைக்கு. ஒப்புக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

"அடியில இருக்கிற இந்தச் செம்பு ஒரு செவுரு மாதிரிங்க. அலை பின்னாடி போகாமத் தடுக்கும். இதுல என் பேருக்குக் கீழ கோடு போட்டு வெட்டிட்டேன். அந்தக் கோட்டோட நீளம், எங்க அலையோட நீளத்துல சரியாப் பாதி. அந்த நீளத்துல வெட்டு இருந்தா அது வெட்டு இல்லைங்க, ஜன்னல். முன்னாடி பாக்க வேண்டியது அது வழியா பின்னாடியும் பாக்குது."

"அதாவது கிராஸ் டாக்."

"ஆமாங்கம்மா. அதேதான்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே. மழை பெஞ்சு கேபிள் நனைஞ்சா இவங்க லைன்ல அவங்க பேச்சு கேக்கும்." சிரித்தார். "இருபத்தாறு வருசம் வேலைங்கிறீங்க. இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். முதலில் கையெழுத்து ஒதுக்குப்புறமான மூலையில்தான் இருந்தது. ஃபைல் அனுப்பவேண்டிய நாளன்று ஒரு திருகாணித் துளை இடம் மாறியது. அதற்காக முன்பக்கக் கோட்டை வளைத்து அந்த மூலை வழியாகக் கொண்டுபோனேன். இப்படிச் செய்தால் சரிபார்க்கும் மென்பொருள் கத்தவேண்டும். ஆனால் ஒவ்வொரு போர்டிலும் அது என் கையெழுத்தைப் பார்த்துக் கத்தியதால், பல வருடங்களுக்கு முன்பே நான் அதனிடம் சொல்லி வைத்திருந்தேன்: கையெழுத்தை மட்டும் கண்டுகொள்ளாதே. விசுவாசமான மென்பொருள். கண்டுகொள்ளவில்லை.

கையெழுத்தின் மேல் செம்பு டேப்பை ஒட்டினேன். தேவசகாயம் அவர் கட்டிலுக்குத் திரும்பிய பிறகு சோதித்தேன். பூஜ்யம். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் பூஜ்யம்.

"முடிஞ்சுதுங்கம்மா. தப்பு முழுக்க எங்களோடதுன்னு எழுதிக் குடுத்துடறேன். உங்க பையன் வாயத் திறக்கமாட்டாரு. இதை சாட்சிக்கு எடுத்துட்டுப் போறேன், ஒரு மாசத்துல புதுசு மாட்டிடலாம்."

"புதுசு சரியாக் காட்டுங்களா?"

"ஒரு ஆள் கூடக் குறைய வராதுங்க. இந்த ரூம்ல எத்தனை பேரோ, அத்தனையத்தான் காட்டும்."

அவர் மறுபடியும் புடவைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினார். சந்தோஷத்தில் கை சும்மா இருக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எக்ஸ்சேஞ்சுல எத்தனை பேரு பேச்சைக் கேட்டிருக்கோம் தெரியுங்களா தம்பி? புருசன் பொண்டாட்டி சண்டை, கல்யாணம் நின்னுபோன சேதி, எல்லாம். மொத நாளே எங்க சூப்பர்வைசரம்மா சொல்லிட்டாங்க. ஹெட்செட்டைக் கழட்டும்போது காதையும் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போகணும்னு. ஒரு பேச்சு வெளிய போனதில்லீங்க."

நல்ல ஒழுக்கம் என்று சொல்லிவிட்டு, காபியும் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

அறிக்கையோடு இணைப்பதற்காக மறுநாள் அந்த 'துணை'யின் மூன்று மாதப் பதிவை இறக்கினேன். மகனுக்குப் போவது ஒரே ஒரு எண். உள்ளே பதிவாகியிருப்பது ஒவ்வொரு நிமிடத்துக்கும் துடிப்பு, மூச்சு, அலையின் பலம், தூரம். நான் எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. இரவுகளில் ஒரு துடிப்பு பலமாக, அது மரகதம். சுவருக்குப் பின்னாலிருந்து அறுபதில் நிற்கும் இன்னொரு துடிப்பு, மிக மங்கலாக. திருட்டு ஜன்னல் வழியாக வந்தால் மங்கலாகத்தான் வரும். என் தவறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதை அச்சடித்து மகன் முகத்தில் வீசவேண்டும் என்று பக்கங்களைப் புரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மங்கலான அறுபது மறைந்தது. இரண்டு நிமிடம் கழித்து, பலமான அறுபது வந்தது. முன்பக்கத்திலிருந்து, அறையின் நிஜ ஜன்னல் இருக்கும் தூரத்திலிருந்து. நாலு மணி வரை இருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. அடுத்த செவ்வாயும். மூன்று மாதமும்.

அப்போதுதான் எதிரெதிராக இருந்த அந்த இரண்டு நாற்காலிகள் என் மண்டையில் ஏறின. சுவரில் இரண்டு தட்டு, பதிலுக்கு ஒரு தட்டு. "ராத்திரியில ஒருத்தரும் கிடையாது." அந்த அம்மாள் ஒரு சொல் கூடப் பொய் சொல்லவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா, பேப்பர் படித்தார்களா, சும்மா உட்கார்ந்திருந்தார்களா, பதிவில் இல்லை. இருந்தது ஒன்றுதான். மூன்று மணிவாக்கில் இரண்டு பேர் மூச்சும் நிதானமாகி, சிறிது நேரம் ஒரே சீராக ஏறி இறங்கியது. அதைப் பார்த்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டபோது கூட அவ்வளவு வெட்கமாக இல்லை.

ஓட்டை இருந்தவரை எல்லா நாளும் இரண்டு என்று வந்தது. பழுது என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் ஓட்டையை அடைத்துக் கொடுத்தால், மற்ற நாட்களில் ஒன்று, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இரண்டு என்று பளிச்சென்று வரும். அதையும் நாங்கள் சோதித்து உத்தரவாதம் கொடுத்த கருவி சொல்லும். ஒரு மாதத்தில் புதுசு மாட்டித் தருகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குள் வேறு புகார்களையும் ஹரிணி தேடி எடுத்திருந்தார். மெல்லிய சுவர் உள்ள வீடுகளில் எல்லாம் இதே கதை. ஈரோட்டில் ஒரு பெரியவரை, யாரையோ அறைக்குள் சேர்க்கிறார் என்று சொல்லி, ஹோமில் கொண்டுபோய் விட்டே விட்டார்கள். அவர் சுவருக்குப் பின்னால் இருந்தது ஒரு தையல்கடை. ஒரு மனிதரை வீட்டைவிட்டு அனுப்பியது என் பெயருக்குக் கீழே இருந்த கோடு.

இரண்டாம் பதிப்பு லேஅவுட்டை மூன்று நாளில் முடித்தேன். கையெழுத்து இல்லை. கிரவுண்ட் ஒரே விரிப்பாக, ஓரம் முழுக்கத் தையல் போட்டதுபோலத் துளைகள். மென்பொருளிடம் எதையும் கண்டுகொள்ளாதே என்று சொல்லவில்லை. நான் செய்த போர்டுகளிலேயே உத்தமமானது அதுதான். அதனால்தான் பயமாக இருந்தது.

ஹரிணி என் திரைக்கு அருகே வந்து நின்றார். "அருமையா இருக்கு சார். ஃபேக்டரிக்கு அனுப்பிடலாமா?"

"அனுப்பலாங்க மேடம். ஆனா ஆள் எண்ணிக்கையை ரிப்போர்ட்ல இருந்து எடுத்துடணும். பதிவுலயும் இருக்கக்கூடாது."

"ஏன்? ஓட்டையைத்தான் அடைச்சாச்சே."

"அடைச்சாலும் அந்த எண்ணை நம்ப முடியாதுங்க. பின்னாடி ஒரு துளி கூடக் கசியாத போர்டு பண்ண என்னால முடியாது."

"கிரவுண்ட் முழுசா இருந்தா கசியாதுன்னு காலேஜ் பசங்களே சொல்வாங்களே சார்."

"அவங்களால முடியுமா இருக்கும். என்னால முடியாதுங்க."

சொல்லும்போது காது சுட்டது. உலகத்தில் எனக்குச் சரியாகத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். ஹரிணியின் பார்வை என் முகத்திலிருந்து பக்கத்துத் திரைக்குப் போனது. வடவள்ளிப் பதிவை நான் மூட மறந்திருந்தேன். அவர் படித்தது இதே படிப்பு. செவ்வாயையும் வெள்ளியையும் கண்டுபிடிக்க அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. பதிவை அவரே மூடினார்.

"சரி. எழுத்துல குடுங்க" என்றார். "எண்ணிக்கையை சரியா எடுக்க உங்க திறமை போதலைன்னு தெளிவா இருக்கணும். அப்பத்தான் சேல்ஸ்ல யாரும் மறு கேள்வி கேக்கமாட்டாங்க. கஸ்டமருக்கும் அதே கடிதம் போகும்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் கீழே கோடும் போட்டேன்.

அதற்குப் பிறகு என் மரியாதை எங்கே நிற்கிறது என்று கேட்காதீர்கள். ஆபீசில் தேவையில்லாத வெட்டு எங்கே இருந்தாலும் அதற்குப் 'பூபதி கோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறார்கள், மூன்றாம் நாள் அவர்கள் இடம் மாறுவதும் இல்லை. ஈரோட்டுப் பெரியவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் முகம் கொடுக்கவில்லை. சரிதான். புனே மகன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. 'இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக் கம்பெனி நடத்துகிறீர்களா' என்று ஒரு மெயில் மட்டும் வந்தது.

புதுப் பலகையை மாட்ட வடவள்ளிக்கு நானே போனேன். வேண்டுமென்றே திங்கட்கிழமையாகப் பார்த்துப் போனேன். மரகதம் ஜன்னலோரம் நின்று நான் திருகாணி முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனைன்னு காட்டுங்க தம்பி?"

"எண்ணிக்கையே கிடையாதுங்கம்மா. நல்லா இருக்கீங்களா, இல்லையான்னு மட்டும் சொல்லும். எண்ணுற அளவுக்கு எனக்குத் திறமை பத்தலை. எழுதியே குடுத்துட்டேன்."

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். புடவைத் தலைப்பு விரலில் சுற்றாமல் சும்மா தொங்கியது. பிறகு சுவரை இரண்டு முறை தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அவர் மூன்று டம்ளர் காபியோடு திரும்பியபோது, கதவைத் தட்டாமல் ஒரு பெரியவர் உள்ளே வந்து, எனக்கு வணக்கம் சொல்லி, பழகிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எக்ஸ்சேஞ்சுல வேலைக்கு வந்திருக்கோணும் தம்பி" என்றார் மரகதம்.

"வேண்டாங்கம்மா" என்றேன். "அங்கயும் எந்த லைன்லயாவது பேரை வெட்டி வச்சிருப்பேன்."